ஓய்வுத் தீவுகளும் தூத்துக்குடித் தோணிகளும்

விடுமுறை வந்ததும் கடலோரத்தே சென்று சின்னாள் வாளா இருந்து வருதல் வேண்டும் என்னும் விருப்பம் இக்காலத்தார் பலர்க்கும் உண்டு. அவ்விருப்பத்திற்கு இலக்காக விளம்பரப் படங்களிற் பெரிதும் காட்டப்படுவது மாலத்தீவு. பளிங்கு போன்ற நீர், வெண்மணல், கடலின்மீது கால் நாட்டி நிற்கும் கூரைவீடு, அதன் வாயிற்படியினின்று இறங்கினால் முழங்காலளவு தண்ணீர் - இவையே அப்படங்களின் பொருள். இவற்றைக் கண்ட நம் மாணாக்கருட் சிலர், "முத்தையாபுரத்திற்குக் கிழக்கேயும் கடல் உண்டே; அக்கடலிலும் தீவுகள் உளவே; அவற்றில் இத்தகைய விடுதி ஏன் எழவில்லை?" என்று வினவுவர். வினா நேரியதே. விடை கூறப் புகுங்கால் கடலின் அடித்தளத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. எனினும் மாலத்தீவை முதலில் பார்த்துவிடுவோம்; அது நமக்கு அத்துணை அயலானதன்று.

அந்நாட்டு மொழிக்குத் திவேகி என்று பெயர். அம்மொழியிற் படகைத் 'தோனி' என்பர். நம் தோணியே அது. இளநீர்க் காயைக் 'குரும்பா' என்பர். தெங்கு பனைகளின் இளங்காயை நாம் குரும்பை என்கிறோம். சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி, மரக்கட்டை போலாகும்வரை உலர்த்தி அவர்கள் ஆக்குவதே நம் கடைத்தெருவில் மாசிக் கருவாடு என விற்கப்படுவது. இராசராச சோழன் தன் கல்வெட்டிற் பன்னீராயிரம் என்று எண்ணிக்கை கூறிக் கொண்டாடும் கடற்றீவுகள் இவையே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். உண்மையில் அங்குள்ள தீவுகள் ஏறக்குறைய 1,200. மெய்க்கீர்த்தி எழுதுவோர்க்குப் பத்து மடங்கு பெரிதன்று. அவற்றுள் மக்கள் ஊராக வாழ்வன 200க்கு உட்பட்டவையே.

இத்தீவுகளிற் பொழுதுபோக்க அயல்நாட்டார் வருவர் என்று முன்னர் எவரும் நம்பினாரல்லர். ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு ஒன்று வந்து பார்த்து, இது விருந்தினர் தங்குதற்கேற்ற இடமன்று என்று கூறிச் சென்றது என்பர். அக்குழுவினர் கூற்றிற்குக் காரணம் இல்லாமலில்லை. குடிநீர் அரிது, காய்கறி விளையும் மண் இல்லை, மின்சாரம் இல்லை, கப்பல் வரவும் ஒழுங்கில்லை. ஆயினும் 1972ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், தலைநகராகிய மாலேக்கு அணித்தே மக்கள் வாழாத தீவொன்றில் முதல் விடுதி திறக்கப்பட்டது. இத்தாலிய நாட்டுப் பயண முகவர் ஒருவரும் மாலத்தீவின் இளைஞர் சிலரும் கூடிச் செய்த முயற்சி அது. அறைகள் 30, சுவர் பவளக்கல், கூரை தென்னோலை. பெயர் குரும்பா. இன்று அந்நாட்டில் இத்தகைய விடுதிகள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டன. ஐந்து இலட்சம் பேர் வாழும் நாட்டிற்கு 2024ஆம் ஆண்டில் இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட விருந்தினர் வந்தனர்.

ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது அவர்கள் தொடக்கத்தே கொண்ட முறை. ஆதலின் ஒவ்வொரு விடுதியும் ஒரு சிற்றூர் போலத் தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொள்ளுதல் வேண்டும். மின்னாக்கும் பொறி, கடல்நீரை நன்னீராக்கும் ஆலை, படகுத்துறை, வேலையாட்களின் குடியிருப்பு, குப்பையை அகற்றும் ஏற்பாடு ஆகிய அனைத்தும் விருந்தினர் கண்ணிற் படாதவாறு தென்னை மரங்களின் பின்னே அமைந்திருக்கும். மீனும் தேங்காயும் தவிர மற்றெல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். காலையுணவிற்குரிய முட்டை, நண்பகற் குழம்பிற்குரிய வெங்காயம், அரிசி, பருப்பு, மா, சர்க்கரை யாவும் கடல் கடந்து வருவனவே. ஒன்றும் செய்யாது கிடத்தற்கென்று ஒருவர் செல்லும் இடத்தில் அவர் பொருட்டு எத்துணைப் பேர் ஓயாது உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க.

இனி, தீவு என்பது யாதெனப் பார்ப்போம். மலையின் உச்சி நீருக்கு மேலே தோன்றுவதும் தீவே. ஈழம் போன்று பெருநிலமாய் இருப்பதும் தீவே. மாலத்தீவும் நம் மன்னார் வளைகுடாத் தீவுகளும் அவ்விரு வகையிலும் சேரா. இவை உயிர்களால் ஆக்கப்பட்டவை. கடுகினும் சற்றே பெரிய பவளப் பூச்சிகள் கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணத்தை ஈர்த்துத் தமக்குக் கூடு கட்டுகின்றன. கூட்டின்மேற் கூடாக அடுக்கி வளர்ந்து பாராகின்றது. பார் என்னும் சொல் நம் கடற்கரையார்க்கு மிகப் பழக்கமானது. முத்துச்சிப்பி விளைந்த இடங்களையும் முத்துப்பார் என்றே வழங்கினர். தாழ்ந்து செல்லும் எரிமலையைச் சுற்றி இப்பார் மேல்நோக்கி வளர்ந்து, மலை முழுதும் மூழ்கியபின் வளையம் மட்டும் எஞ்சும் என்னும் விளக்கத்தை டார்வின் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் காட்டினார். அத்தகைய வளையத்திற்கு உலகெங்கும் வழங்கும் 'அடால்' என்னும் பெயர் திவேகி மொழியிற் பிறந்ததே.

பாரின்மேல் மணல் எங்ஙனம் வந்தது? அலை உடைத்த பவளத் துண்டுகளும், சிப்பிகளின் பொடியும், சுண்ணம் செறிந்த கடற்பாசிகளின் சிதைவும் கூடியதே அவ்வெண்மணல். கிளியலகு போன்ற வாயையுடைய கிளிமீன் பாரைச் சுரண்டித் தின்று, வேண்டாத சுண்ணத்தை நுண்மணலாகக் கழிக்கின்றது. விருந்தினர் வியந்து நடக்கும் அம்மணலிற் பெரும்பகுதி மீனின் வயிற்றினூடு வந்ததென்று விளம்பரத்திற் கூறுவாரில்லை.

இவ்வாறு சேர்ந்த மணல் ஓரிடத்தில் நிலையாக இராது. தென்மேற்குக் காற்றில் ஒருபுறம் கரையும். வடகிழக்குக் காற்றில் அப்புறமே மீண்டும் சேரும். தீவு மெல்ல அசைந்துகொண்டிருக்கும் பொருள். அதனைக் காப்பது யாதெனின், வெளியே நின்று பேரலையைத் தன்மேல் ஏற்றுடைக்கும் உயிருள்ள பாரே. மாலத்தீவின் நிலம் சராசரியாகக் கடன்மட்டத்திற்கு ஒன்றரை மீட்டர் உயரமே உள்ளது. குடிநீரின் நிலையும் அத்தன்மையதே. மழைநீர் மணலினூடு இறங்கி, கனமிக்க உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதக்கும். தீவு சிறுத்தால் அப்படலமும் சிறுத்து உவராகிவிடும். நம் வளைகுடாவில் வேம்பாற்றுக்கு எதிரேயுள்ள தீவுகளில் ஒன்று நல்லதண்ணித் தீவு, மற்றொன்று உப்புத்தண்ணித் தீவு. நீர் தேடி இறங்கிய மீனவரின் அனுபவமே அப்பெயர்களிற் பதிந்திருக்கிறது போலும்.

குரும்பா விடுதியின் சுவர் பவளக்கல் என்றோம். அந்நாட்டில் வீடு, பள்ளிவாசல், மதில், படகுத்துறை எல்லாம் அக்கல்லினாலேயே பன்னெடுங்காலம் கட்டப்பட்டன. வேறு கல் அங்கு இல்லை. ஊர் சிறிதாயிருந்தவரை அதனால் தீங்கு தோன்றவில்லை. மாலே நகரம் பெருகவே, அண்டையிலிருந்த பார்களிற் கல் பெயர்க்கப்பட்டது. நகரைச் சூழ்ந்த பாரின் ஆழமற்ற மேற்பரப்பும் மண்ணிட்டு நிரப்பப்பட்டு மனையாயிற்று. 1987ஆம் ஆண்டு ஏப்ரலில், தொலைவிலெங்கோ எழுந்த புயலின் நீளலைகள் வந்து நகரினுட் புகுந்தன. பார் முன்போல நின்று அலையை உடைத்திருப்பின் கேடு அத்துணைப் பெருகியிராது. அதன்பின் ஜப்பான் அரசின் உதவியால் மாலேயைச் சுற்றிக் கற்காரைச் சுவர் எழுப்பப்பட்டது. விலையின்றிக் கிடைத்த காவலை அழித்துவிட்டுப் பெருஞ்செலவில் வேறு காவல் தேடிய கதை இது. பவளக்கல் பெயர்த்தலை அரசினர் கட்டுப்படுத்தவே, கட்டடத்திற்குக் கல்லும் மணலும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதாயிற்று.

எங்கிருந்து? இங்கேதான் நம் ஊர் கதையினுட் புகுகின்றது. இந்தியாவும் மாலத்தீவும் 1981ஆம் ஆண்டில் ஒரு வணிக உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி அரிசி, கோதுமை மா, சர்க்கரை, பருப்பு, முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆற்று மணல், கருங்கற்சல்லி ஆகியவை, ஏனைய நாடுகளுக்கு ஏற்றுமதி தடுக்கப்பட்ட காலத்தும் அந்நாட்டிற்கு அளவு வகுத்து அனுப்பப்படுகின்றன. 2024-25ஆம் ஆண்டிற்கு மணல் பத்து இலட்சம் டன்னும் சல்லி பத்து இலட்சம் டன்னும் அனுமதிக்கப்பட்டன. இப்பொருள்கள் வெளிச்செல்லுதற்கென அவ்வாண்டிற் குறிக்கப்பட்ட நான்கு இடங்களுள் தூத்துக்குடியும் ஒன்று. எல்லாம் இவ்வழியே செல்கின்றன என்று கூறுதல் மிகையாகும். பெருங்கப்பல்களும் உள, விமானங்களும் உள, கொழும்பு வழியாகச் செல்வனவும் உள. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடியினின்று கொச்சி வழியாக மாலேக்கு நேர்ச் சரக்குக் கப்பலும் விடப்பட்டது. ஆயினும் இவ்வணிகத்தை நெடுநாள் தாங்கி வந்தவை நம் தோணிகள்.

தோணி என்றதும் ஆற்றைக் கடக்கும் ஓடத்தை நினைத்தல் கூடாது. நூற்றுக்கணக்கான டன் சரக்கை ஏற்றவல்ல மரக்கலம் அது. ஓடாவிகள் கடற்கரையிலேயே முட்டுக்கொடுத்து நிறுத்தி, கண்ணளவையும் கைப்பழக்கமும் துணையாக அதனைக் கட்டினர். பலகைகளின் இடுக்குகளிற் பஞ்சுத் திரியைச் செலுத்தி அடைத்தலுக்குக் கலப்பற்று என்று பெயர். அஃது ஒரு தனித்தொழில். கலத்தின் தலைவர் தண்டல் எனப்படுவார். கரை மறைந்தபின் அவர் சொல்லே சட்டம். முற்காலத்திற் பாயின் வலியாலேயே ஓடிய தோணிகளுக்குப் பின்னர் இயந்திரமும் பொருத்தப்பட்டது.

பண்டு தூத்துக்குடியிற் கடல் ஆழமற்றிருந்தமையாற் பெருங்கப்பல்கள் கரையினின்று சில மைல் தொலைவிலேயே நங்கூரமிடும். பருத்திப் பொதியையும் பிற சரக்கையும் கரைக்கும் கப்பலுக்குமிடையே சுமந்தவை தோணிகளே. 1974ஆம் ஆண்டிற் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, கப்பல்கள் மேடையை அணைந்து நிற்கத் தொடங்கவே அத்தொழில் ஒழிந்தது. பழைய துறைமுகத்தினின்று கொழும்பு, இலட்சத்தீவு, மாலே ஆகிய இடங்களுக்குச் செல்லும் நெடும்பயணமே தோணிகளுக்கு எஞ்சியது. மாலேக்கு எழுநூறு கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு. குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள காற்று மிகுந்த கடலைக் கடந்தே செல்லுதல் வேண்டும். சென்றடைந்தபின் சரக்கு மாலேயில் இறக்கப்பட்டு, அந்நாட்டுத் தோனிகளிலே பிரிந்து ஒவ்வொரு தீவிற்கும் போகின்றது. விடுதியில் மேசைமுன் அமர்ந்திருப்பவர் தம் தட்டிலுள்ள வெங்காயம் எத்துறையில் ஏறியதென்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய கடமையும் அவர்க்கில்லை. நாம் அறிந்திருத்தல் நன்று.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இம்மரக்கலங்கள் கடல் செல்லா. பழைய துறைமுகத்தில் வரிசையாக நிற்க, அடிப்பலகை செப்பனிடுவதும் எண்ணெய் பூசுவதுமாகக் காலம் கழியும். அதுவும் ஓய்வுதான். ஆனால் வருவாய் இல்லாத ஓய்வு. கடன் வாங்கி அரிசி வாங்கும் ஓய்வு. ஓய்வு என்னும் ஒரே சொல்லை மாலத்தீவு விடுதியிற் படுத்திருப்பவரும் பழைய துறைமுகத்துத் தோணித் தொழிலாளியும் வழங்குவரேனும் இருவரும் கருதும் பொருள் வேறு.

இனி மாணாக்கரின் வினாவுக்கு வருவோம். தூத்துக்குடி தொடங்கிப் பாம்பன்வரை கடலில் வரிசையாக 21 பவளத் தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றுள் வான் தீவு, காசுவார் தீவு, விலங்குசல்லி, காரைச்சல்லி என்னும் நான்கும் தூத்துக்குடியைச் சார்ந்தவை. சல்லி என்பது உடைந்த கற்றுண்டு. பவளத் துண்டுகள் குவிந்து உண்டானமையால் இப்பெயர் வந்தது போலும். மாலத்தீவிற் கல் இல்லாமையாற் பவளம் பெயர்த்தனர் என்று முன்னர்க் கண்டோம். நம் நாட்டில் மலையும் பாறையும் வேண்டிய அளவு இருந்தும், இத்தீவுகளின் பார்களை நாம் பல்லாண்டு பெயர்த்தோம். சுண்ணாம்புக் காளவாய்க்கும், கட்டடத்திற்கும், தொழிற்சாலைகளுக்கும் வள்ளம் வள்ளமாகப் பவளக்கல் கரைசேர்ந்தது. அத்தொழிலில் ஈடுபட்ட ஏழைகளைக் குறைகூறுதல் எளிது. வாங்குவோர் இருந்தமையாலன்றோ அவர்கள் வெட்டினர்?

பயன் யாதாயிற்று? விலங்குசல்லித் தீவு இன்று நீருக்கு மேலே இல்லை. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் அங்ஙனமே மூழ்கிற்று. வான் தீவு 1986ஆம் ஆண்டில் 16 ஹெக்டேர், அஃதாவது ஏறக்குறைய 40 ஏக்கர் இருந்தது. 2014ஆம் ஆண்டில் 2 ஹெக்டேராகக் குறைந்தது. ஐம்பதாண்டுகளுக்கு முன் 20 ஹெக்டேரைக் கடந்திருந்த காரைச்சல்லி 2018ஆம் ஆண்டில் ஆறு ஹெக்டேர் அளவிலேயே இருந்தது. கடல்மட்டம் உயர்தலும், நீர் வெப்பமுற்றுப் பவளம் வெளிறி மடிதலும் சேர்ந்தே இந்நிலைக்குக் காரணமாயின. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் அவ்வெளிறல் இவ்வளைகுடாவிற் கடுமையாக இருந்தது. ஆனால் முதல் அடி நம் கடப்பாரையால் விழுந்தது.

1986ஆம் ஆண்டில் இத்தீவுகளும் சுற்றுக்கடலும் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாயின. 2001இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டமையால், அதனைப் பெயர்த்தல் புலியைக் கொல்லுதலுக்கு ஒப்பான குற்றமாயிற்று. அனுமதியின்றித் தீவில் இறங்குதல் கூடாது. வான் தீவின் முன்னே 2015க்குப் பின் ஆயிரக்கணக்கான கற்காரைச் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டு அலையின் வேகம் தணிக்கப்பட்டது. மணல் ஓரளவு மீண்டும் சேர, மீன்களும் அவ்விடுக்குகளிற் குடிபுகுந்தன. காரைச்சல்லிக்கும் அவ்வாறே செய்ய அரசினர் முற்பட்டுள்ளனர்.

ஆதலின், "இங்கே விடுதி ஏன் எழவில்லை?" என்பதற்கு விடை இது. ஐந்து ஏக்கராகக் குறைந்த தீவிற் கட்டிலும் சமையற்கூடமும் மின்பொறியும் கழிநீர்க்குழியும் வைத்தற்கு இடமில்லை. அத்தீவே தான் நிற்பதற்குக் கற்காரையை ஊன்றுகோலாகப் பற்றியிருக்கின்றது. தடைச்சட்டத்தைச் சிலர் குறையென எண்ணுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இத்தீவுகள் நிற்கும்வரை முத்தையாபுரத்து உப்பளங்களின்மேல் பேரலை நேரே வந்து மோதாது. அவை நமக்கு விடுதியினும் பெரிதாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கின்றன.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. சல்லி என்னும் பெயர்கொண்ட நம் தீவுகள் கரைந்துகொண்டிருக்க, மலையில் உடைத்த சல்லியைக் கப்பலேற்றி மற்றொருவர் தீவுக்கு அனுப்புகிறோம். மாலத்தீவார் தம் பாரை வெட்டாதிருப்பதற்கு அக்கல் உதவுமாயின் அவ்வணிகம் நல்லதே. ஆனால் அதனோடு செல்லும் மணல் ஏதோ ஓர் ஆற்றின் மடியிலிருந்து அள்ளப்பட்டதே. தாமிரவருணியிற் கோடையில் நடந்து பார்த்தவர்க்கு, மணலற்ற ஆறு எத்தகையதென்று சொல்ல வேண்டுவதில்லை. உரிய சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற இடத்திலன்றி அள்ளுதல் கூடாதென ஆணை உண்டு. ஆணை தாளிலேயே நின்றுவிடாதிருத்தல் வேண்டும்.

நம் ஊரார்க்கு ஓய்வுத் தீவே இல்லையோ எனின், உண்டு. துறைமுகத்தை அடுத்துள்ள முயல் தீவு அது. மண்டபத்திற்கு எதிரேயுள்ள பெரிய முயல் தீவு வேறு. அது கடற்பூங்காவைச் சேர்ந்தது. பெயரொற்றுமையால் இரண்டையும் மயங்கி எழுதுவோர் பலர். நம் முயல் தீவிற்குச் சாலை வழியாகவே செல்லலாம். காணும் பொங்கலன்று முத்தையாபுரத்தினின்றும் நகரினின்றும் குடும்பம் குடும்பமாக மக்கள் அங்குச் செல்வர். புளிச்சோறும் கரும்பும் கொண்டுபோய்ப் பாய் விரித்து உண்டு, பிள்ளைகளை ஆழமற்ற நீரில் விளையாடவிட்டு, பொழுது சாயத் திரும்புவர். ஒருநாள் ஓய்வே எனினும் உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைப்போர்க்கு அவ்வொருநாள் பெரிது. தை மாதமாதலின் தோணிகளுக்கும் அது பயணப் பருவம். அன்றோ மறுநாளோ பழைய துறைமுகத்தினின்று புறப்படும் ஒன்று, வெங்காய மூட்டைகளும் உருளைக்கிழங்கு மூட்டைகளும் ஏற்றி விளிம்பளவு தாழ்ந்து, தெற்கு நோக்கிப் போகும்.